முதல் அறிவித்தல்

மூன்றாவது தடவையும் ஜெயரூபன் கணினியில் அந்தச் சொல்லைத் தட்டினான். ஒரு குட்டிச் சொல், முக்காற்புள்ளி, பிறகு பக்கத்தின் முகவரி.

வெள்ளைத் திரை. ஒன்றும் இல்லையாம்.

அழித்த பக்கத்தையும் தேடுபொறி கொஞ்ச நாள் வயிற்றுக்குள் வைத்திருக்கும். அந்தச் சொல்லைப் போட்டால் கக்கிவிடும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத குறுக்குவழி. போன கிழமைகூடக் கக்கியது.

சண்டிலிப்பாயில் அவனுடைய சின்ன அச்சகம். எதிர்க் கதிரையில் பாலேஸ்வரி. பிரான்சில் செத்துப்போன அவள் மகன் சுதாகரனுக்கு நாளை மறுநாள் முப்பத்தோராம் நாள். சாப்பாடு முடிய எல்லோர் கையிலும் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு இன்றைக்கே அச்சேற வேண்டும்.

ஒரு பெயர்தான் குறை. சுதாகரனின் மகளுடைய பெயர்.

வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம், மருமகளோடு பேச்சே இல்லை. பேத்தி பிறந்த செய்தி மட்டும் வந்தது, பெயர் வரவில்லை. அங்கேயுள்ள அவன் கூட்டாளிகள் இணையத்தில் போட்ட முதல் மரண அறிவித்தலில் அது இருந்தது. யாரோ சொல்லி ஒரே நாளில் அதைத் தூக்கிவிட்டு, அவன் மனுசியும் பிள்ளையும் இல்லாத இன்னொன்றைப் போட்டார்கள். இப்போது அந்தக் கூட்டாளிகள் போன் எடுப்பதில்லை.

“என்ன தம்பி, உன்ரை மந்திரம் பலிக்கேல்லையோ?”

“தேடுபொறிக்காரங்கள் நிப்பாட்டிப் போட்டாங்கள் அன்ரி. ஒரு சொல்லுச் சொல்லாமல்.”

அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. பக்கத்துக்கு நூறு முடிவு காட்டும் வித்தையும் இப்படித்தான் ஒரு காலையில் போனது. கேட்டா தந்தார்கள், கேட்டுப் பறிக்க?

போன கிழமை அட்டைப்படத்துக்காக அதே பக்கத்தைத் திறந்தவன் அவன்தான். படத்தின் கீழே பெயர்கள் வரிசையாக நின்றன. பேர் ஒன்றும் வேண்டாம், முகத்தை மட்டும் வெட்டு என்றாள் பாலேஸ்வரி. வெட்டினான். வாசிக்கவில்லை.

“அழிக்கச் சொன்ன ஆளைப் பிடிச்சால் கேக்கலாம், அன்ரி. பேர் ஞாபகம் இருக்கும்.”

பாலேஸ்வரி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவள் வாசிக்கேல்லை தம்பி. அந்தப் பெட்டையின்ரை பேரைக் கண்ட உடனை போனிலை கத்தினவள். அதுக்குக் கீழை பாக்கேல்லை.”

“ஆர் அவள்?”

“அவனைப் பெத்தவள்.”



ஜெயரூபன் ‘அன்பு மகள்’ என்று அடித்தான். பிறகு விரலை இடைவெளிக் கட்டையில் வைத்து, ஒரு பெயர் கொள்ளும் அளவுக்குத் தட்டினான்.

முன்னூறு பிரதி.