பதினாலரை மணி நேரம்

அப்பா படுத்த படுக்கையானதிலிருந்து தம்பி மூன்று முறை கூப்பிட்டுவிட்டான். வெளிநாட்டில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த அக்கா மூன்று முறையும் ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

"பதினோராயிரம் கிலோமீட்டர்டா. விமானத்துலயே பதினாலரை மணி நேரம். லீவு தர மாட்டேங்கறாங்க."

லீவை அவள் கேட்கவே இல்லை. தன் கல்யாணத்துக்கு வராத அப்பாவின் மேல் இருந்த வீம்பு இன்னும் தீரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது கணவன் அழைத்தான்.

"உன் தம்பி பேசினான். அப்பா போயிட்டாராம். காலையில நீ வந்து சேர்ந்தியாம், உன் கையைப் பிடிச்சுக்கிட்டே கண்ணை மூடினாராம். அழுத அழுகையில ஏதோ உளர்றான் போல."

அன்றே விமானம் ஏறினாள். பதினாலரை மணி நேரமும் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி நெற்றியைச் சுருக்கினார்.

"நேத்துக் காலையிலேயே உள்ள வந்திருக்கீங்க. திரும்பிப் போனதா பதிவே இல்லையேம்மா?"

கைரேகையை வைத்துப் பார்த்தார். அதுவும் ஒத்துப்போனது. கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே முத்திரை குத்தி அனுப்பினார்.

வீட்டு வாசலில் ஒரே கூட்டம். உள்ளே நுழையக் கால் வராமல் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தலைமாட்டில் அவளே உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, முகம் வீங்கி, விடிய விடிய அழுதவளாக இருந்தாள். தம்பி அவள் தோளில் சாய்ந்திருந்தான்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவளின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. யாரும் பார்ப்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.