ஏழாம் நம்பர் பனியன்

“போலீஸைக் கூப்பிடவா, இல்ல நீயே உண்மையச் சொல்லிடறியா? இந்தக் கையெழுத்தப் போட்டது யாரு?”

தட்சிணாமூர்த்தி போட்ட சத்தம் சிதம்பரம் கீழவீதி முழுக்கக் கேட்டிருக்கும். பந்து, பேட், பனியனோடு விளையாட்டு வீரர்கள் படம் போட்ட அட்டைகளும் விற்கிற கடை அவருடையது. அவர் கையில் இருந்தது கூடைப்பந்து வீரன் இளவரசுவின் அட்டை. அதன் மூலையில் பேனாவால் ஒரு கையெழுத்து.

எதிரே நின்ற எழிலரசி கடலூர்ப் பக்கம் குடிகாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். கூட வந்த புருஷன் ராஜவேல், முட்டி போன காலோடு மூன்று படி ஏற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கடைக்குள் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்களே தவிர, வெயிலில் வந்தவளை உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

“படத்துல இருக்கறவரே போட்டுக் குடுத்தது சார். என் வூட்டுக்காரரு...”

“உன் வூட்டுக்காரன் கதைய இங்க எவன் கேட்டான்? கையெழுத்துக்குப் பதில் சொல்லு!”

இளவரசு கடலூர் முதுநகர்ப் பையன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மாவட்டப் போட்டியில் ஆடினபோது, ஆட்டக்காரர்கள் எல்லோர் படத்தையும் அட்டையாக அடித்துப் பத்துப் பத்து ரூபாய்க்கு விற்றார்கள். மற்றவர்கள் அட்டை குப்பைக்குப் போனது. இளவரசு இந்திய அணிக்குப் போனதும் அவன் அட்டை ஐயாயிரம். போன மாதம் வெளிநாட்டு டீம் ஒன்று அவனை எடுத்ததும் ஐம்பதாயிரம். அட்டை என்னவோ அதே அட்டைதான்.

அதில் முப்பது அட்டையை ஊர் ஊராக அலைந்து வாங்கி வைத்திருந்தார் தட்சிணாமூர்த்தி. மொத்தமாக எடுத்துக்கொள்ள மத்தியானம் சென்னைப் பார்ட்டி வருகிறது. இந்த நேரத்தில் கள்ளக் கையெழுத்து ஒன்று கடைக்குள் நுழைந்தால் முப்பதையும் சந்தேகப்படுவார்கள். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

“அட்டை அசல்தான், இல்லைங்கல” என்று சுவரைக் காட்டினார். அதே அட்டையை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார். ஏழாம் நம்பர் பனியனில் எகிறிப் பந்து போடுகிற உருவம். தூக்கிய இடது கை முகத்தில் முக்கால்வாசியை மறைத்தது. அந்தக் கையில் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

“கள்ளப் பிரிண்டுல இந்தத் தழும்பு மழுங்கிடும். உன்னுதுல பளிச்சுனு இருக்குது. கையெழுத்துதான் பித்தலாட்டம்.”

செல்போனில் ஒரு வீடியோவை ஓட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். கையில்லாத பனியன் போட்ட இளவரசு, இடது கையில் பந்தை இடுக்கிக்கொண்டு வலது கையால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“பாத்தியா? இதுதான் அவன் கையெழுத்து. உன்னுது கோழி கிளறுன மாதிரி இருக்குது.”

“கையெழுத்த வுடுங்க சார். அந்தக் கைய நல்லாப் பாருங்க.”

“இருவத்தஞ்சு வருசமா கடை வச்சிருக்கேன். எனக்கே பாடம் எடுக்கறியா நீ?”

அழக் கூடாது என்று எழிலரசி பல்லைக் கடித்தாள்.

“அவருக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணும் சார். நிக்க முடியலன்னு கம்பெனியில வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. கையெழுத்தோட இருந்தா ரெண்டு லட்சம்னு நீங்கதான வாசல்ல போர்டு வச்சிருக்கீங்க?”

“வச்சிருக்கேன். படத்துல இருக்கறவன் கையால போட்டிருந்தா ரெண்டு லட்சம். இப்பவே இந்த மேஜையில எண்ணி வக்கிறேன், இந்த நாலு பேரும் சாட்சி. தட்சிணாமூர்த்தி பேச்சு மாற மாட்டான். வேற எவனாவது போட்டிருந்தா நீ நேரா ஸ்டேஷனுக்குத்தான்!”

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். அடக்கி வைத்த ஆத்திரம் எல்லாம் புருஷன் மேல் பாய்ந்தது.

“கேட்டுச்சா? சொன்னா சிரிப்பாங்க, சிரிப்பாங்கன்னு இன்னும் எத்தினி வருசம் வாய மூடிக்கினு இருப்பீங்க? மேல வாங்க!”

ராஜவேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மூன்று படியும் ஏறினான். மேஜையில் கிடந்த பேனாவை இடது கையால் எடுத்து, பில் புத்தகத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டான். அட்டையில் இருந்த அதே கிறுக்கல், ஒரு புள்ளி மாறவில்லை.

“மாட்டுனியா! நீதானாடா அது?” தட்சிணாமூர்த்தி பேனா பிடித்த கையை எட்டிப் பிடித்து முறுக்கினார். “இளவரசு பேர்ல கையெழுத்துப் போட நீ யாருடா?”

“என் பேரத்தான் சார் போட்டேன். கல்யாணத்துக்கு முந்தி இவளுக்குக் குடுத்தது.”

முறுக்கின வேகத்தில் ராஜவேலின் சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு.

தட்சிணாமூர்த்தி அதைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். செல்போனில் இளவரசுவின் இடது கையைப் பார்த்தார்; அதில் தழும்பே இல்லை. பிடி தானாகவே தளர்ந்தது.

“அன்னிக்குப் போட்டோ புடிக்கிற நேரத்துக்கு இளவரசு பஸ்ஸ வுட்டுட்டான் சார். அவன் பனியன, கூட ஆடுன எனக்கு மாட்டிவுட்டு எகிறச் சொன்னாங்க.”

எழிலரசி மேஜையைத் தட்டினாள்.

“எண்ணி வைங்க சார், ரெண்டு லட்சம்!”