ஊசி போடாத இடம்

ஒரகடத்து வாடகை அறையின் ஜன்னல் வழியே மாலை வெயில் கட்டிலில் விழுகிறது. வெளியே கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போகிறது. போன மாதம் வரை அதில் வந்திறங்கிய கொம்பையா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறான். அவன் கழுத்திலிருக்கும் புற்றுக்கட்டிக்குள் நேற்று ஆஸ்பத்திரியில் ஊசியால் வைரஸை ஏற்றினார்கள். அது புற்றை மட்டும் அழிக்கும்படி பழக்கிய வைரஸாம். இன்று கட்டி சிவந்து, வீங்கிப் பளபளக்கிறது. மனைவி நாச்சியார் கையுறை மாட்டிய விரல்களால் கட்டுத்துணியைப் பிரிக்கிறாள். அனல் ரப்பரைத் தாண்டிச் சுடுகிறது.

"வளந்துட்டு போலுக்கே டாக்டர்!" என்கிறாள் போனில்.

"வளரலம்மா. இத்தன நாளா கட்டி தன்னைச் சுத்தி வேலி போட்டு, நோயை எதுக்குற அணுக்கள அண்டவிடாம வச்சிருந்துச்சு. வைரஸ் புற்று செல்ல உடைக்க உடைக்க, அந்த அணுக்கள்லாம் இப்ப உள்ள ஓடி வருது. அதான் வீக்கமும் ஜுரமும். ஒருதடவ அடையாளம் தெரிஞ்சுட்டா, வேற இடத்துல இருக்குற புற்றையும் அது தேடிப் போகலாம். மாத்திரை குடுங்க, காலைல கூட்டிட்டு வாங்க," என்கிறார் டாக்டர் ஜயஸ்ரீ.

போன் அணைகிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "உள்ள யாரோ நடமாடுத மாரி இருக்குட்டி," என்கிறான் கொம்பையா. மெல்லக் கையைத் தூக்கி அக்குளைக் காட்டுகிறான். அங்கே இருக்கும் சின்னக் கட்டியை யாரும் தொடவில்லை. "இங்க ஊசியே போடலயே. இங்கயும் சுடுது, பாரு."

நாச்சியார் உள்ளங்கையை அங்கே வைக்கிறாள். தோலுக்கடியில் ஏதோ விட்டு விட்டுத் துடிக்கிறது. நோய் வருகிறதா, போகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுக்கவும் மனம் வரவில்லை.