ஓசை இடித்த கவிதை

ஏரிக்கரையில் ஒரு நாரை இருந்தது. தனிமையைப் பற்றிக் கவிதை கட்டுவதுதான் அதற்கு வேலை. கட்டி முடித்ததும், பக்கத்துப் பாறையில் வெயில் காயும் ஆமையை எழுப்பிவிடும்.

"அண்ணே, இந்தப் பரந்த நீரில் எனக்கென்று யாருமே இல்லை என்று ஒரு வரி வந்திருக்கிறது. கேளுங்கள்."

"நேற்றும் அதைத்தான் சொன்னாய். நான் இங்கேதானே கிடக்கிறேன்?" என்று ஆமை சலித்துக்கொள்ளும். ஆனாலும் முழுவதையும் கேட்கும்.

ஒருநாள் காலையில் நாரையின் கால் மீன்வலையில் சிக்கிக்கொண்டது. ஆமை பதறி நீந்திப்போய் நைலான் இழைகளைக் கடிக்கத் தொடங்கியது.

"ஆடாமல் நில்லப்பா! வலைக்காரன் வந்துவிடுவான்."

"அண்ணே, மனம் உருகுகிறது. கருணையைப் பற்றி ஒரு வரி வருகிறது..."

"வரி அப்புறம் வரட்டும். முதலில் காலை இழு!"

கரையில் ஆள் அரவம் கேட்டபோது கடைசி இழை அறுந்தது. நாரை பறந்து தப்பியது.

மறுநாள் அது புதுக் கவிதையோடு வந்தது. வலையில் துடித்த பறவையை ஒரு மான் ஓடிவந்து காப்பாற்றியதாக அதில் இருந்தது.

வீங்கிய தாடையோடு கேட்டுக்கொண்டிருந்த ஆமை, "மான் எங்கிருந்து வந்தது?" என்றது.

"ஆமை என்று வைத்துப் பார்த்தேன் அண்ணே. ஓசை இடிக்கிறது."

"அந்த மானுக்குத் தாடை வலிக்கிறதா என்று விசாரித்துவிட்டு வா" என்று சொல்லிவிட்டு ஆமை தண்ணீருக்குள் இறங்கியது.

"அண்ணே, கவிதை இன்னும் பாதி இருக்கிறது!" என்று நாரை கத்தியது.