ஈரக் கை

“பூவுல தண்ணி தெளிச்சது யாரு? இப்பவே சொல்லிட்டா நல்லது.”

முதலாளி பழனிவேல் கொட்டகை நடுவில் நின்று கேட்டார். அவர் காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. கப்பலேறாமல் தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்தது. உள்ளே, காயவைத்து அனுப்பிய கோழிக்கொண்டைப் பூவெல்லாம் பூசணம் பிடித்துக் கிடந்தது.

“ஏஜென்ட் எஸ்.டி.டி. போட்டுத் திட்டுறான். காஞ்ச பூவுக்கு ஈரம்தான் எமன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேனே!”

எல்லார் கண்ணும் கமலவேணி மேல் போய் நின்றது.

பாடாலூரில் இந்த வேலைக்கு வருமுன் அவள் திருமழபாடி கோயில் வாசலில் பூ விற்றவள். வாடாமலிருக்கப் பூவின்மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்தே பழகிய கை.

“பழகின கை சும்மா இருக்குமா? தூக்கத்துலகூட தெளிக்கும்” என்றாள், பக்கத்தில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு.

“யக்கா, நான் தண்ணி குடிக்கக்கூட வெளியில போயித்தான் குடிக்கிறேன்.”

“உன்னைச் சொல்லலடி. உன் கையைத்தான் சொன்னேன்.”

கொட்டகையே சிரித்தது. கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகிவிட்டான். வீட்டில் உலை கொதிப்பது இவள் கூலியில்தான். நினைக்க நினைக்க அவளுக்கே தன் கை மேல் சந்தேகம் வந்துவிட்டது.

“முதலாளி, என்னை நிறுத்திப்புடாதீங்க. இன்னிக்கு லோடு நானே அடுக்குறேன். பக்கத்துல நின்னு பாருங்க.”

“சரி, அடுக்கு. இதுலயும் ஈரம் வந்துச்சு, திருமழபாடிக்கே பஸ் ஏறிடு.”

முந்தானையில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பூக்கட்டையும் கன்னத்தில் வைத்து, ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காகிதத்தில் சுற்றினாள். பூத்தலை ஒன்றோடொன்று இடிக்காமல், ஒரு கட்டை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் திருப்பி வைத்தாள். இடுக்கில் காகிதம் கசக்கிச் செருகி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் போட்டாள். முதலாளி கண் கொட்டாமல் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“பச்சப்புள்ளயத் தொட்டில்ல போடுற மாதிரியில்ல போடுறா!” என்றாள் அம்மாக்கண்ணு. இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

கடைசிப் பெட்டியும் நிறைந்தது. கமலவேணி டேப்பை எடுத்தாள்.

“இரு, ஒட்டாத. ஒட்டுறது எப்பவும் நாந்தான். மத்தவங்கள்லாம் சாப்பிடப் போங்க” என்றார் முதலாளி. “கமலவேணி, உன் வேலை சுத்தம்மா. நீ பயப்படாத.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போன முதலாளி, கைகால் கழுவிக்கொண்டு, ஒரு பித்தளைச் சொம்போடும் மாவிலையோடும் பயபக்தியாகத் திரும்பி வந்தார்.

“அம்மன் தீர்த்தம். போன லோடுக்குப் பேருக்குத் தெளிச்சேன், அதான் அந்தக் கதி ஆயிடுச்சு” என்றபடி, திறந்திருந்த பெட்டிகளுக்குள் மாவிலையை வாரி வாரி உதறினார். “இந்தத் தடவை தாராளமா தெளிச்சுடுவோம்.”