புருவத்தில் மூன்று தையல்

“எங்கக்காவ அடிச்ச கை எது, அத்தான்? நீட்டும்!”

ஸ்ரீவைகுண்டத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான் கொம்பையா. வாழைத்தார் சுமந்தே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்ட இசக்கிமுருகன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல வலது கையை நீட்டினார்.

உள்ளே, சந்தனமாரியின் புருவத்தில் மூன்றாவது தையலைப் போட்டு முடித்தார் டாக்டர் விஜயஸ்ரீ.

“வீட்டுக்காரர் அடிச்சதுதானே? பயப்படாம சொல்லுங்க. புதுசா வந்திருக்க மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே எழுதித் தாரேன்.”

“அவரு அடிக்கலம்மா. முப்பது வருசத்துல ஒரு அதட்டல் கெடையாது.”

வாசலிலிருந்து இசக்கிமுருகனின் குரல் வந்தது. “நாந்தாம்மா அடிச்சேன். இது மூணாவது தடவ. எழுதிக் குடுத்திருங்க.”

“பாத்தியளா, அவரே ஒத்துக்கிடுதாரு!” என்றான் கொம்பையா.

டாக்டர் எழுந்து வந்தார். நீட்டிய கையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம்.

“இது என்ன?”

“கயிறும்மா. படுக்கும்போது கட்டிலோட கட்டிக்கிடுவேன். நேத்து அந்துட்டு.”

டாக்டர் சந்தனமாரியிடம் திரும்பினார். “அடிக்கும்போது இவரு கண்ணு தொறந்திருந்துச்சா?”

“இல்லம்மா, நல்ல ஒறக்கம். உலுக்கி எழுப்பினா, ‘என்ன ஆச்சு’ன்னு என்னையவே கேப்பாரு.”

எழுதத் தொடங்கியிருந்த தாளை டாக்டர் கிழித்துப் போட்டார்.

“கனவு காணும்போது நமக்கெல்லாம் கை கால் அசையாமக் கெடக்கும். இவருக்கு அந்தப் பூட்டு கழண்டுட்டு. இது நோய். என் கைக்கு மிஞ்சினது. பாளையங்கோட்டை நரம்பு டாக்டருக்குக் கடுதாசி தாரேன், இன்னைக்கே போங்க. சரியாகுற வரைக்கும் தனித்தனியாப் படுங்க.”

கொம்பையா தலையைச் சொறிந்தான். “நானே கூட்டிட்டுப் போறேன், அத்தான்.”

இரண்டு மாதம் கழித்து மூவரும் வந்தார்கள். மணிக்கட்டுத் தடம் மறைந்திருந்தது.

“ஒத்த மாத்திரைதாம்மா. இப்ப மரக்கட்ட மாதிரி ஒறங்குதாரு” என்று சிரித்தாள் சந்தனமாரி.

“சரி, அப்படி என்னதான் கனவு கண்டீங்க?” என்று கேட்டார் டாக்டர்.

இசக்கிமுருகன் மனைவியை ஒருமுறை பார்த்தார். குரல் தணிந்தது.

“ஒரு காட்டுப்பன்னிம்மா. ஒவ்வொரு தடவையும் இவள முட்ட வரும். நான் குறுக்க விழுந்து, அதத்தான் அடிப்பேன்.”