அலமாரிச் சாவி

தம்பியின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைப் பார்த்ததும் பெரியவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அது அப்பாவின் அலமாரிச் சாவி. அம்மா போன நாளிலிருந்து அப்பா அதை யாரிடமும் தந்ததில்லை.

"இது எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து. அப்பாவே கூப்பிட்டுப் போட்டு விட்டாரு," என்றான் சின்னவன், காய்ந்த துணிகளை மடித்தபடி.

போட்டு விட்டாராம். பெரிய மெடல்.

அந்த அலமாரியில் நகையும் கிடையாது, பத்திரமும் கிடையாது. மேல் தட்டில் அப்பாவின் வலி மாத்திரை டப்பா இருந்தது, அவ்வளவுதான். பெரியவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவன் அவன். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்து அனுப்புகிறவன். ரெண்டரை மாதத்துக்கு முன் அப்பா மாடிப்படியில் விழுந்து வலது தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தவனும் அவன்தான். டாக்டர் எழுதித் தந்தது மூன்று வாரத்துக்குத்தான். அதற்கு மேலும் அப்பா முனகியபோதெல்லாம் அட்டை அட்டையாகக் கொண்டு வந்து கொடுத்தான். பெற்றவருக்கு எதற்குச் சீட்டு?

சின்னவன் லாரி ஓட்டுகிறவன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நாலு நாள்தான் ஆகிறது. முதுகு வலிக்கென்று ஆரம்பித்து, இதே மாத்திரைக்கு அடிமையாகி, முன்பு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வந்தவன். அண்ணன் கடையிலேயே அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டவன். அவன் கழுத்தில் சாவி.

பெரியவன் விறுவிறுவென்று அப்பாவின் அறைக்குள் போனான். அப்பா ஜன்னலருகே நின்று, கையை உயர்த்தி, கழன்று கிடந்த திரைச்சீலையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இறக்கித் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலையெல்லாம்? இப்படிச் செஞ்சா வலிக்காம என்ன பண்ணும்?" என்று அவரைக் கட்டிலில் உட்கார வைத்தான். நெற்றி வியர்த்திருந்தது. விரல்கள் லேசாக நடுங்கின.

"உயிர் போகுதுடா. ஒண்ணே ஒண்ணு குடேன்."

பெரியவன் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தான். சின்னவன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"காதுல விழுந்துச்சா? சாவியக் கழட்டு."

"அடுத்த மாத்திரை ஆறு மணிக்குத்தான் அண்ணா. டாக்டரைப் பாத்துக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"மருந்தப் பத்தி எனக்கே நீ சொல்லித் தர்றியா? நான் பாத்துக்கிட்ட வரைக்கும் அவரை ஒரு நாள் முனக விட்டிருப்பேனா?"

"இல்லண்ணா. விட்டதே இல்ல," என்றான் சின்னவன். அதில் கிண்டல் இருக்கிறதா என்று பெரியவன் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

"அவருக்குக் குடுக்காம நீ முழுங்கறதுக்கா?"

சின்னவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். "தடவிப் பாத்துக்கோ."

பெரியவன் வெட்கப்படாமல் தடவிப் பார்த்தான். பைகளில் லாரிச் சாவியும் கைக்குட்டையும்தான் இருந்தன. நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும், ஏமாற்றம்தான் வந்தது.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அப்பாவின் எதிரே போய் நின்றான்.

"நான் என்னப்பா குறை வச்சேன்? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். அவன் விழுந்தா ஓடி வந்து தூக்குவீங்க. நான் விழாம நடந்ததை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? உங்களுக்காகக் கடையைப் பாதியில மூடிட்டு ஓடி வந்தவன் நான். சாவி மட்டும் அவனுக்கா?"

ஐம்பதை நெருங்குகிற மனிதனின் குரல் உடைந்து போயிருந்தது. அப்பா தரையைப் பார்த்தார்.

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லடா. நீ நான் கேட்டா குடுத்துடறே."

"அப்பா கேட்டா குடுக்காம?"

"அவன் குடுக்கல. வந்த அன்னிக்கே என் மூஞ்சியைப் பாத்தான். கண்டுபிடிச்சுட்டான்."

"என்னத்தக் கண்டுபிடிச்சான்? நான் பாக்காத மூஞ்சியா?"

அப்பா எழுந்து ஜன்னலருகே போனார். வலது கையை நன்றாக உயர்த்தி, விட்டுப்போயிருந்த கடைசிக் கொக்கியில் திரையை மாட்டினார். மாட்டிவிட்டு, பெரியவனை நேராகப் பார்க்க முடியாமல், திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வலி நின்னு ஒரு மாசமாச்சுடா."